ரவுட்டருக்குள் உறைந்துபோன திறமூல மென்பொருள்

சிறு அலுவலகங்கள், கிளினிக்குகள், பள்ளிகள் ஆகியவற்றின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். அங்கெல்லாம் திறமூல மென்பொருள் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகளில் ஒன்றைக் கேட்க நேர்கிறது. மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே, அதை எப்படி நம்புவது என்பது ஒன்று. அத்தனை பேர் படிக்கும் நிரலில் ஓட்டை எப்படித் தங்கும் என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் சர்வரையும் மடிக்கணினியையும் மனத்தில் வைத்தே வாதிடுகிறார்கள். வாதம் நடக்கும் அறையின் சுவரில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த அலுவலகத்தில் ஓடும் திறமூல மென்பொருள்களிலேயே மிகப் பழையது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

கடையில் வாங்கும் வீட்டு ரவுட்டர்களிலும், ஃபைபர் இணைப்போடு கேபிள்காரர் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும் பெட்டிகளிலும் பெரும்பாலானவை லினக்ஸ் கர்னலில், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில் இயங்குபவை. அதன் மேல் பிஸிபாக்ஸ் என்ற கருவித்தொகுப்பு இருக்கும். லினக்ஸின் வழங்கல்களில் ஒன்றான டெபியனை நிறுவத் தேவையான கட்டளைகள் எல்லாம் ஒரே ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக 1995இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. கணினிகளுக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் அவற்றை அடையாளம் காட்டும் எண்) வழங்குவதற்கும், ஒரு தளத்தின் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளை மேலே அனுப்புவதற்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் பரவலாகப் பயன்படுகிறது. சைமன் கெல்லி என்ற பிரிட்டிஷ் நிரலாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துவரும் நிரல் இது. நிர்வாகப் பக்கத்தின் வண்ணமும் சின்னமும் மட்டுமே தயாரிப்பாளர் சேர்த்தவை என்று சொன்னால் அது மிகைதான். பெரிய மிகை அன்று.

வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் அடிக்கடி இயங்காமல் நின்றுபோன ஒரு ரவுட்டரின் ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கி, பின்வாக் என்ற கருவியால் பிரித்துப் பார்த்தேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தயாரிப்பு ஆண்டு 2017. உள்ளே இருந்த கர்னல் 2.6.36, அதாவது 2010 அக்டோபரில் வெளிவந்தது. டிஎன்எஸ்மாஸ்க் 2.40, அது 2007ஆம் ஆண்டுச் சரக்கு. தளத்தில் அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் ‘அண்மைய பதிப்பு’ என்றே எழுதியிருந்தது, அதில் பொய்யும் இல்லை. அந்த மாடலுக்கு அதற்குப் பிறகு எதுவும் வெளியாகவில்லை.

பழையதாக இருந்தால் என்ன, வேலை செய்கிறதே என்று கேட்பவர்களுக்காக டிஎன்எஸ்மாஸ்க்கையே எடுத்துக்கொள்கிறேன். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், ரவுட்டர் அதை ஒரு கேள்வியாக மேலே உள்ள டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பி, பதிலாக வரும் ஐபி முகவரியை நமக்குத் தந்து, தானும் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. உண்மையான பதில் வருவதற்குள் ஒரு போலிப் பதிலை நுழைத்துவிட முடிந்தால், வங்கியின் பெயரைத் தட்டியவர் வேறொருவரின் சர்வருக்குப் போய்ச் சேருவார். அதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு கேள்விக்கும் 16 பிட் அடையாள எண் உண்டு. போலிப் பதில் அனுப்புபவர் 65,536 எண்களில் சரியானதை ஊகிக்க வேண்டும். இந்தத் தடை போதாது என்று 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி காட்டினார். அதன் பிறகு, கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் (கருவிக்குள் தகவல் வந்துபோகும் வாசலின் எண்) ஒவ்வொரு முறையும் மாற்றி, இரண்டையும் சேர்த்து ஊகித்தாக வேண்டிய நிலையை டிஎன்எஸ் மென்பொருள்கள் உருவாக்கின. டிஎன்எஸ்மாஸ்க்கும் அதே ஆண்டில் மாறியது. நான் பிரித்துப் பார்த்த பெட்டியில் இருந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. தயாரிப்பாளர் தாமே ஒட்டுப்போட்டிருந்தால் ஒழிய, உலகம் 2008இல் திருத்திக்கொண்ட குறை அந்த அலுவலகத்தில் அப்படியே இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கின் பிந்தைய பதிப்புகளில், பதில் ஒன்று வந்து சேர்ந்த போர்ட், நிலுவையில் உள்ள கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு உரியதா என்று மட்டுமே நிரல் சரிபார்த்துவந்தது. அந்தக் குறிப்பிட்ட கேள்விக்கு உரியதுதானா என்று பார்க்கவில்லை. பல கேள்விகள் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும்போது, ஊகிப்பவரின் வேலையை இது வெகுவாகக் குறைத்துவிடும். மூலநிரல் பல ஆண்டுகள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தும் இது யார் கண்ணிலும் படவில்லை. ஜேஎஸ்ஓஎஃப் என்ற இஸ்ரேலிய ஆய்வுக் குழு இதையும் சேர்த்து ஏழு ஓட்டைகளைக் கண்டறிந்து, ‘டிஎன்எஸ்பூக்’ என்ற பெயரில் 2021 ஜனவரியில் வெளியிட்டது. திருத்தங்களைக் கொண்ட 2.83 பதிப்பும் உடனே வந்தது. ஆகவே, திறந்த நிரலில் ஓட்டை தங்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. திறந்திருப்பதால் ஆபத்து என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை, ஏனெனில் வெளியார் ஒருவரால் குறையைக் கண்டுபிடிக்கவும், திருத்தம் சரிதானா என்று எவரும் சரிபார்க்கவும் முடிந்தது நிரல் திறந்திருந்ததால்தான். டெபியன் போன்ற வழங்கல்களைப் பயன்படுத்தியவர்களுக்கு வழக்கமான புதுப்பிப்போடு திருத்தம் வந்து சேர்ந்தது. ரவுட்டர்களில் பெரும்பகுதிக்கு இன்றுவரை வரவில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரவுட்டர் நிறுவனங்களில் பல, மென்பொருளைத் தாமே அடியிலிருந்து கட்டுவதில்லை. சிப் தயாரிக்கும் நிறுவனம், தன் சிப்போடு ஒரு மென்பொருள் தொகுப்பைக் கொடுக்கிறது. அதில் கர்னல், கருவிகள், வைஃபையை இயக்கும் நிரலான வைஃபை டிரைவர் எல்லாம் இருக்கும். வைஃபை டிரைவர் பல நேரங்களில் மூலநிரல் இல்லாத, ஒரு குறிப்பிட்ட கர்னல் பதிப்புக்காகவே தொகுக்கப்பட்ட கோப்பாகத் தரப்படுகிறது. கர்னலை மாற்றினால் வைஃபை நின்றுவிடும் என்பதால், சிப் வெளிவந்த காலத்துக் கர்னல் அந்தச் சிப் விற்கும் காலம் முழுவதும் அப்படியே உறைந்துவிடுகிறது. பெட்டி நிறுவனத்துக்கோ, அடுத்த மாடல் வந்தபின் பழைய மாடலுக்காக ஒரு நிரலாளரை உட்காரவைப்பதில் வருமானம் எதுவும் இல்லை. இணைய சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியானால் புதுப்பிக்கும் உரிமையும் பயனருக்கு இல்லை. இப்படி மூன்று கைகள் மாறி வரும்போது, திறமூல மென்பொருளின் மிகப் பெரிய பயனான திருத்தும் வசதி வழியிலேயே கழன்றுவிடுகிறது.

ஒரே தொகுப்பில் உள்ள குறை எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு 2021 ஆகஸ்டில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ரியல்டெக் சிப்களுக்கான தொகுப்பில் கண்டறியப்பட்ட ஓட்டைகள், குறைந்தது 65 தயாரிப்பாளர்களின் கருவிகளைப் பாதித்தன. வாங்குபவர் வேறு பிராண்டுக்கு மாறினாலும் உள்ளே இருப்பது அதே தொகுப்பாக இருக்கலாம்.

சிறு அலுவலகத்தின் ரவுட்டரை யார் தாக்கப்போகிறார்கள் என்ற கேள்வியும் வரும். யாரும் அந்த அலுவலகத்தைத் தேடி வருவதில்லை. முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2018 மே மாதத்தில் சிஸ்கோ நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டாலோஸ் வெளிப்படுத்திய விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் குடியேறியிருந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அறிவித்த கேவி பாட்நெட், அதாவது தீநிரல் தொற்றித் தொலைவிலிருந்து ஆட்டுவிக்கப்படும் கருவிகளின் கூட்டம், பெரும்பாலும் சிறு அலுவலக, வீட்டு ரவுட்டர்களால் ஆனது. தயாரிப்பாளர்கள் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய மாடல்களே அவற்றில் மிகுதி. அந்தப் பெட்டிகளின் உரிமையாளர்களுக்கு இணையம் வழக்கம்போல வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மூடிய மென்பொருள் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்பவர்களுக்கு, 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சேவை நிறுவனங்கள் ரவுட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் 7547 என்ற போர்ட்டை மிராய் தீநிரலின் ஒரு வகை இணையமெங்கும் தட்டியபோது, டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தனர். அங்கே முடங்கிய ரவுட்டர்களில் இயங்கியது லினக்ஸே அன்று. தீநிரல் அவற்றுக்குள் நுழையவும் முடியவில்லை. வந்து குவிந்த கோரிக்கைகளைத் தாங்காமல் அவை தாமே விழுந்தன. இணையத்தை நோக்கித் திறந்துவைத்த போர்ட் எந்த உரிமத்தில் எழுதிய மென்பொருளுக்கும் ஆபத்துதான்.

சட்டம் இதில் எதுவரை உதவுகிறது என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் கதை நல்ல சான்று. அதன் ஃபர்ம்வேரில் ஜிபிஎல் உரிமம் பெற்ற லினக்ஸ் இருப்பதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த உரிமத்தின்படி, பெட்டியை விற்பவர் மூலநிரலையும் தரவேண்டும். அப்போதுதான் லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ, எதிர்ப்புக்குப் பின் நிரலை வெளியிட்டது. அந்த நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. இன்று நூற்றுக்கணக்கான மாடல்களில் அதை நிறுவ முடிகிறது. ஒரு நிறுவனம் மனமின்றி வெளியிட்ட நிரல், அந்த ரவுட்டர்கள் குப்பைக்குப் போன பிறகும் பயன் தந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, மூலநிரலைத் தரச் சொல்கிறதே தவிர, திருத்திய நிரலை அதே பெட்டியில் ஏற்றத் தேவையான டிஜிட்டல் சாவிகளைத் தரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு நுகர்வோர் கருவிகளுக்கு அதையும் சேர்த்தது. லினக்ஸ் கர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுகொண்டது. நிறுவனங்கள் லினக்ஸை விட்டு ஓடாமல் இருந்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரவுட்டரைப் பொறுத்தவரை அதனால் நட்டம் பயனருக்குத்தான் என்பது என் கருத்து.

எல்லோரும் ஓபன்டபிள்யூஆர்டிக்கு மாறிவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. தவறான கோப்பை ஏற்றினால் பெட்டி செத்துவிடும், உத்தரவாதமும் போய்விடும். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட பழைய மலிவுப் பெட்டிகளுக்கு அதன் புதிய வெளியீடுகள் கிடைப்பதில்லை. சில சிப்களில் வைஃபை ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப்போடு விற்கும் பழக்கமும் உண்டு என்பதால், அடியில் ஒட்டியுள்ள ஹார்ட்வேர் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்றக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கும் அலுவலகங்களில் மட்டுமே நான் அதை நிறுவுகிறேன். ஆள் இல்லாத இடத்தில், ஒழுங்காகப் புதுப்பிப்பு வரும் தயாரிப்பாளரின் சாதாரண ரவுட்டரே மேல்.

எந்தப் பெட்டியானாலும் செய்தாக வேண்டியவை சில உண்டு. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றுவது அவற்றில் முதலாவது. வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இணையப் பக்கத்திலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், கடவுச்சொல் இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தி வைஃபையில் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடலாம். யூபிஎன்பி என்ற வசதி, உள்ளே இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் வெளியே ஒரு போர்ட்டைத் திறந்துவிடும். சிசிடிவி ரெக்கார்டர்கள் நம்மிடம் சொல்லாமலே இதைப் பயன்படுத்திக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆகவே அதையும் அணைப்பது நல்லது. சேவை நிறுவனத்தின் பெட்டியை மாற்ற முடியாவிட்டால், அதைப் பிரிட்ஜ் முறையில், அதாவது இணைப்பை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும்படி, வைத்துத் தரச்சொல்லி, பின்னால் சொந்த ரவுட்டரைப் பொருத்தலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் முதலில் பேசுபவருக்கு இது புரியாது. இணைப்பைக் கொடுத்த உள்ளூர் ஆளிடம் கேட்டால் வேலை நடக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேகம் பற்றியது அன்று, இந்த மாடலுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்பதே. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளுக்கு இந்தக் காலத்தைத் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும் என்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதையும் தடுக்கிறது. அங்கே விற்கும் அதே மாடல் இங்கும் கிடைக்குமானால், பிரிட்டிஷ் தளத்தில் அறிவித்துள்ள தேதியைப் பார்த்து ஓரளவு முடிவுக்கு வரலாம். அந்த மாடல் ஓபன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். தயாரிப்பாளர் கைவிட்டாலும் பெட்டிக்கு இன்னொரு வழி இருக்கும் என்பதற்காக.

பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் நான் தயாரித்துக் கொடுக்கும் கொள்முதல் ஆணைகளில் இப்போது இரண்டு வரிகளைச் சேர்க்கிறேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கும் தேதியை விற்பவர் எழுத்தில் தரவேண்டும் என்பது ஒன்று; ஃபர்ம்வேரில் உள்ள ஜிபிஎல் மென்பொருள்களின் மூலநிரல் எங்கே கிடைக்கும் என்று குறிப்பிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது வரியைப் படித்த விற்பனையாளர்களில் பெரும்பாலானோர் அது என்ன என்று கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். முதல் வரிக்குப் பதில் வராத மாடல்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அப்படி எடுத்தபின் மிஞ்சுபவற்றின் விலை ஒன்றரை மடங்குவரை போகிறது என்பதையும், பெட்டியை எத்தனை ஆண்டு பயன்படுத்தப்போகிறார்கள் என்ற கேள்வியோடு சேர்த்து, நிர்வாகியிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.