வாரண்டி முடியும் முன்பே கியர்பாக்ஸ் குறையை எழுத்தில் கொண்டுவாருங்கள்

"வாரண்டி முடிஞ்ச மறுமாசமே கியர்பாக்ஸ் போயிடுச்சு சார்." பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது இது. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "சிக்னல்ல கிளம்பும்போது ஒரு நடுக்கம் ரொம்ப நாளாவே இருந்துச்சு" என்பார்கள். சர்வீஸில் சொன்னீர்களா என்றால், சொன்னேன் என்பார்கள். புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸில் எழுதும் சீட்டான ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தால் என்ஜின் ஆயில் மாற்றியது, வாட்டர் வாஷ், வீல் அலைன்மென்ட் எல்லாம் இருக்கும். நடுக்கத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கியர்பாக்ஸ் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் 'டி'யில் போட்டால் உடனே பிடிக்காமல் இரண்டு மூன்று விநாடி யோசிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. டூயல் கிளட்ச் வண்டிகளில் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது உதறும். அந்த கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் வரும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் ரிவர்ஸும் இரட்டைப்படைப் பக்கம்தான். அதனால் ரிவர்ஸும் 2, 4, 6-ம் சேர்ந்து மக்கர் செய்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் சார், ஓட்டற விதத்துல இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வைத்த ஃபோர்டு ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் கார்கள் உதறுவதாகப் புகார் கொடுத்தவர்களுக்கும் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. வாடிக்கையாளர்களின் புகாரைக் கையாண்ட விதம் தவறு என்று 2018-ல் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அங்கே புகார்கள் பதிவில் இருந்தன. அதுதான் முக்கியம்.

ஆகவே வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள். சர்வீஸ் அட்வைசரை உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். எப்போது, எந்த கியரில், என்ன ஆகிறது என்று உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்த ரிப்போர்ட்டில் ஒரு காப்பி கேளுங்கள். குறை தெரியவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, அதையும் எழுதித் தரட்டும். அப்புறம் அதே விஷயத்தை மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

இன்னும் வாங்கவில்லை, இப்போதுதான் பார்க்கிறீர்கள் என்றால் வேலை சுலபம். காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். டிராஃபிக்கில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். சில கோளாறு ஆறியிருக்கும்போதுதான் தெரியும், சில நன்றாகச் சூடேறிய பிறகுதான் தெரியும். ஸ்கேனரில் எரர் எதுவும் இல்லை என்பதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். எரரை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும். அது 15, 20 கிலோமீட்டர் என்று காட்டினால் எதற்காக அழித்தார்கள் என்று கேளுங்கள்.

சென்னை வண்டியாக இருந்தால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்று பார்ப்பது அவசியம். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். சிவப்பான கியர் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீரோ ரேடியேட்டர் கூலன்டோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வாரண்டி பேப்பரையும் உட்கார்ந்து படியுங்கள். கம்பெனி வாரண்டி முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் ஆர்சி மாற்றியதோடு தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டுமா, எத்தனை நாளைக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கார் விற்பவர்கள் தரும் வாரண்டியில் 'கியர்பாக்ஸ் கவர் ஆகும்' என்று பெரிதாக இருக்கும். கிளட்ச் பிளேட், சென்சார், ஆயில் ஆகாது என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, வாரண்டி முடிந்த பிறகே போய்விட்டது என்றால்? 'முழு கியர்பாக்ஸும் மாத்தணும்' என்று எஸ்டிமேட் தந்ததும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் குறைந்தாலே, முக்கியமாக ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் வகை) வண்டிகளில், கியர் விழாமல் எரர் காட்டும். அடுத்து ஆயில் அளவும் நிறமும், அதற்கப்புறம் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு, வால்வ் பாடி. பல வண்டிகளில் இவற்றைத் தனியாகச் சரிசெய்ய முடியும். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டிக்குள் எழுதிக்கொடுத்த குறைதான் இப்போது பெரிதாகியிருக்கிறது என்றால் அந்த ஜாப் கார்டைக் காட்டி இலவசமாகவோ பாதிச் செலவிலோ சரிசெய்து தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போடுவதற்கு முன்பே ஒரு நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள். பிரித்த பிறகு எது உற்பத்திக் குறை, எது பிரித்ததில் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.