வான் கதவும் ஒரு சிவப்புத் துணியும்

மாரியில் கிளிநொச்சியின் வட்டக்கச்சிப் பக்கம் வாய்க்கால் நிரம்பினால் கரைப்பாதையில் தண்ணீர் ஏறிவிடும். எனக்குத் தெரிந்த 14 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பாதையால்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்கு ஓட்டிசம் உண்டு. "நாளைக்குப் பெரிய றோட்டால் போ, அப்பன்" என்று தாயார் இரவே சொன்னார். தலையாட்டினான். காலையில் சந்திக்கு வந்ததும் சைக்கிள் வாய்க்கால் பக்கமே திரும்பியது. தண்ணீரைக் கண்ட பிறகுதான் பிரேக் பிடித்தான். சொல்வழி கேளாத பிள்ளை என்றார்கள் உறவினர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பழக்கம் இழுக்கும் பக்கம் போகாமல், மனதில் வைத்த நோக்கத்தின்படி நடப்பதை அறிவாற்றல் கட்டுப்பாடு என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அது முதிர்ந்து முடிய வயது இருபதைத் தாண்டிவிடும். இந்தக் கட்டுப்பாட்டை உளவியலாளர் டொட் பிரேவர் இரண்டு வகையாகப் பிரித்தார். இரணைமடுக் குளத்துக் கமக்காரருக்கு அது புதிதல்ல. மழை வருகிறது என்று கேட்டதுமே மிகுநீரை வெளியேற்றும் வான் கதவைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி வைக்கலாம்; குளம் நிரம்பி 36 அடியைத் தொட்ட பிறகு ஓடிப்போயும் திறக்கலாம். முதலாவது முன்னாயத்தம், மற்றது எதிர்வினை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மார்ஜரி சொலமன் குழுவினர் இதை ஒரு சோதனையால் பார்த்தார்கள். திரையில் முதலில் ஒரு நிறச் சதுரம் தோன்றும். பச்சையென்றால், அடுத்து வரும் அம்புக்குறி காட்டும் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும், சிவப்பென்றால் எதிர்ப்பக்கத்தை. சதுரத்துக்கும் அம்புக்கும் நடுவே திரை வெறுமையாகக் கிடக்கும். சோதனையே அந்த வெறுமைதான். சிவப்பை மனதில் பிடித்து வைத்திருப்பவரின் விரல் ஆயத்தமாக இருக்கும். அம்பைக் கண்ட பிறகு நிறத்தைத் தேடுபவர் தடுமாறுவார். நம் பையனுக்கு அந்த வெறுமை ஓர் இரவும் இரண்டு கட்டைத் தூரமும்.

சிறு பிள்ளைகள் எல்லோருமே பெரும்பாலும் எதிர்வினைக்காரர்கள். பதின்ம வயதில் முன்னாயத்தம் மெல்ல மேலெழுகிறது. ஓட்டிசம் உள்ள இளையோரில் பலர் எதிர்வினையையே கூடுதல் காலம் நம்பியிருக்கிறார்கள். 235 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த கட்டுரை, திட்டமிடல், அடக்கல், மாறிக்கொள்ளல் போன்ற திறன்களில் ஓட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நடுத்தர அளவு வேறுபாட்டைக் கண்டது. அது சராசரி, ஆளுக்கு ஆள் மிகவும் மாறும்.

முன்னாயத்தம்தான் உயர்ந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். கதவை முன்கூட்டித் திறந்து மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இராது. சோதனைகளிலும், ஒன்றை உறுதியாக எதிர்பார்த்திருப்பவர் வேறொன்று வரும்போதுதான் பிழை விடுகிறார்.

தாயார் சைக்கிள் கைபிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டார்: துணி இருந்தால் பெரிய றோட்டு. இனி எதையும் இரவு முழுக்க மனதில் சுமக்க வேண்டியதில்லை. சந்தியில் அது கண்முன்னால் இருக்கும். மறுநாளே சரியாகப் போனான்.

தண்ணீர் வடிந்து நான்கு நாளாகியும் பெரிய றோட்டாலேயே போய்க்கொண்டிருந்தான். தாயார்தான் துணியை அவிழ்க்க மறந்துவிட்டார்.