ரெண்டு பெக், ஒரு மாத்திரை

"ரெண்டே பெக்தான் டாக்டர். மாத்திரையும் ஒண்ணுதான்." மனநல மருத்துவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவருக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் மூளையில் காபா என்ற வேதிப்பொருளுக்குக் கூடுதல் பலம் கொடுக்கின்றன. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. மதுவும் அதே காபாவைத்தான் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியாக உடம்பு தாங்கிவிடும் அளவுகள்கூட, ஒன்றாகச் சேரும்போது மூச்சை நடத்தும் மூளைப் பகுதியையே மந்தமாக்கிவிடலாம். "மாத்திரை நேத்து ராத்திரி போட்டது" என்பதும் பாதுகாப்பு இல்லை. டயசெபம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாள் ஆகும்.

நாற்பதுகளில் இருந்த ஒருவரை விடியற்காலையில் தூக்கி வந்தார்கள். "நல்லா குறட்டை விட்டுத் தூங்கினாருங்க, அதான் எழுப்பல" என்றார் மனைவி. அந்தக் குறட்டையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை பாதி அடைபடும்போதும் அதே சத்தம்தான் வரும். தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம் பாய்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். தனியாக விட்டுப் போகாதீர்கள். காபி, முகத்தில் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, எதுவும் வேண்டாம். வயிற்றில் மிச்சமிருக்கும் மது, ஆள் மயங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தூக்க மாத்திரை மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். டிரமடால் மாதிரியான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இருமல் சிரப்பை யாரும் வாயைத் திறந்து சொல்வதே இல்லை!

இன்னொன்று. தினமும் குடிப்பவர் இதைப் படித்துவிட்டுப் பயந்து, இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம். குடியை நிறுத்தும் சிகிச்சையில் நாங்களும் டயசெபம் கொடுக்கிறோம்தான். ஆனால் அங்கே மது நின்றிருக்கும், கண்காணிப்பு இருக்கும், மாத்திரையின் அளவும் படிப்படியாகக் குறையும்.

அந்த மனைவி செய்த நல்ல காரியம், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் புதிதாக வாங்கிய அட்டை. மூன்று குழி காலி. முதலில் போட்டது மறந்துபோய் அடுத்தது, அதுவும் மறந்து இன்னொன்று. பிழைத்து எழுந்த பிறகு கேட்டேன். "ஒண்ணுதான் டாக்டர்" என்றார்.