வராத விமானத்துக்கு ஏன் அலாரம் அடிக்கிறது?

பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிவந்த வாரம், அத்தை ரசத்துக்குக் காய்ந்த மிளகாய் தாளித்தார். கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி வீடே அதிரக் கத்தியது. 2018 ஜூன் முதல் சிங்கப்பூரில் புது வீடுகளுக்கு அது கட்டாயம். அத்தை நாற்காலியில் ஏறி பேட்டரியைக் கழற்றப் போனார், தடுத்துவிட்டேன். கருவி பொய் சொல்லவில்லை. புகை இருந்தது. அது தாளிப்புப் புகை என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

விமானங்களில் ஒலிக்கும் தேவையற்ற எச்சரிக்கைகளில் பல இந்த வகைதான்.

சாங்கி கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்தால், விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைப் பார்க்கலாம். பெரிய பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கும். அது தரையிலிருப்பவர்களை நம்பி இல்லை. 1,030 மெகாஹெர்ட்சில் அக்கம்பக்கத்து விமானங்களைக் கேள்வி கேட்கும். அவற்றில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற பதில் கருவிகள் 1,090 மெகாஹெர்ட்சில் தங்கள் உயரத்தைச் சொல்லிப் பதில் அனுப்பும். பதில் வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். அந்தத் தூரம் குறையும் வேகத்தைப் பார்த்து, இரண்டும் நெருங்க இன்னும் எத்தனை நொடி என்று கருவி கணக்குப் போடும். தூரத்தைவிட அந்த நொடிக்கணக்குதான் அதற்கு முக்கியம்.

சரி, இதில் எங்கே தப்பு வருகிறது? ஒரு விமானம் 16,000 அடியில் நேராகப் போகிறது. கீழே இன்னொன்று நிமிடத்துக்கு 3,000 அடி, அதாவது நொடிக்கு 50 அடி வேகத்தில் ஏறி வருகிறது. 15,000 அடியில் நிற்கச் சொல்லி அதற்கு உத்தரவு. நடுவில் 1,000 அடி இருக்கும், ஆபத்தே இல்லை. ஆனால் அது 14,500 அடியைத் தொடும்போது மேலே இருப்பதற்கு இன்னும் 1,500 அடிதான், முப்பதே நொடி. அந்த உயரத்தில், 'ஏறு', 'இறங்கு' என்று விமானிக்கு டிகாஸ் ஆணையிடும் வரம்பும் முப்பது நொடிதான். விமானி அடுத்த 500 அடியில் ஏறுவதை நிறுத்தப்போகிறார் என்பது கருவிக்குத் தெரியாது. பக்கவாட்டிலும் நெருங்கி வந்தால் குரல் கொடுத்துவிடும். அதனால்தான், பக்கத்து உயரத்தில் வேறு விமானம் இருந்தால் கடைசி 1,000 அடியை நிமிடத்துக்கு 1,500 அடிக்கும் குறைவான வேகத்தில் கடக்கச் சொல்கிறார்கள். எளிமையான இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்: கருவியைத் தொடாமலே அதன் பதற்றத்தைக் குறைத்துவிடுகிறது.

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையில் வரும் மோதல் எச்சரிக்கைக்கும் இதே சிக்கல் உண்டு. விமானி தேர்ந்தெடுத்த உயரத்தையே டிரான்ஸ்பாண்டர் வழியாக வாங்கிக்கொள்ளும் புதிய அமைப்புகளில் இது குறைகிறது.

புகையே இல்லாமல் அடிக்கும் அலாரமும் உண்டு. 2025 மார்ச் 1 அன்று வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த பல விமானங்களில், அருகே எதுவும் இல்லாமலே டிகாஸ் எச்சரித்தது. டிகாஸின் அலைவரிசையை ஒட்டி நடந்த டிரோன் எதிர்ப்புச் சோதனையே காரணம் என்று அமெரிக்க செனட் விசாரணையில் சொல்லப்பட்டது. பதில்போல ஒரு சமிக்ஞை வந்தால் அதை விமானம் என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் விமானிகள் அதற்குக் கட்டுப்படவேண்டும்? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்ய விமானத்தை டிகாஸ் ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். குறுக்கே வந்த சரக்கு விமானமும் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது.

மேகத்துக்குள் இருக்கும் விமானியால் ஜன்னலில் பார்த்துச் சரிபார்க்க முடியாது. ஆணை வந்த ஐந்து நொடிக்குள் அவர் செயல்படவேண்டும். "டிகாஸ் ஆர்ஏ", அதாவது டிகாஸ் ஆணை வந்திருக்கிறது என்று வானொலியில் சொல்வார். அவர் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்", அதாவது மோதல் ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை, அந்த விமானத்தின் பாதையை மாற்றும் உத்தரவு எதையும் கட்டுப்பாட்டாளர் தரமாட்டார்.