சட்டைக்கு எந்த ஊர்?

புறக்கோட்டைத் துணிக்கடைகளில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சட்டைகளைக் குவித்து வைத்து விற்பார்கள். 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று கழுத்துப் பக்கம் தைத்திருக்கும். வாங்குகிற நமக்கு அது போதும். ஐரோப்பியச் சுங்கத்துக்குப் போதாது. துணியை எங்கே நெய்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள்.

பருத்திச் சட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கமான இறக்குமதித் தீர்வை 12 சதவீதம். வளரும் நாடுகளுக்குத் தீர்வையைக் குறைக்கும் சாதாரண ஜி.எஸ்.பி. சலுகையில் 9.6. இலங்கைக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.பி. பிளஸில் பூச்சியம். ஆனால் பூச்சியம் வேண்டுமென்றால் நெய்வது, தைப்பது என்ற இரண்டு வேலையும் பொதுவாக இங்கே நடந்திருக்க வேண்டும். சீனத் துணியைக் கட்டுநாயக்கவில் தைத்து அனுப்பினால் அந்தச் சட்டைக்கு முழு 12 சதவீதமும் விழும். பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கே தைத்தாலே போதும்.

இப்படி ஒரு விதி எதற்கு? 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தைப் பாருங்கள். பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. அந்த இடைவெளியை நம்பி இங்கே வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. வெளிநாட்டு எண்ணெயை இறக்கி, பதப்படுத்தி, தீர்வையில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பின. அங்குள்ள உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், இந்தியா இறக்குமதி அளவுக்கு வரம்பு வைத்தது, ஆலைகள் மூடப்பட்டன. அடுத்த நாட்டின் தீர்வைப் பட்டியலை மட்டுமே அத்திவாரமாக வைத்த தொழில் அவ்வளவுதான் நிற்கும்.

சரி, துணியையும் நாமே நெய்தால் என்ன? அங்கேதான் தீவின் அளவு குறுக்கே வருகிறது. நெசவும் சாயமும் பெரிய முதலீடு, நிறையத் தண்ணீர், மலிவான மின்சாரம் கேட்கும் வேலைகள். ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர் உடுத்துவதை வைத்து அப்படியோர் ஆலையை ஓட்ட முடியாது. பருத்தியும் இங்கே போதிய அளவு விளைவதில்லை.

இன்னொரு பயமும் உண்டு. ஜி.எஸ்.பி. பிளஸ் ஒப்பந்தமல்ல, ஐரோப்பா தானாகத் தரும் சலுகை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனித உரிமைக் குறைபாடுகளைச் சொல்லி 2010 ஆகஸ்ட்டில் அதை நிறுத்தினார்கள்; 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அந்த நிபந்தனை நியாயமானதென்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் பூச்சியம் 9.6 ஆனபோது அந்தச் சுமை விழுந்தது தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த பெண்களின் தொழிற்சாலைகள் மீது.

மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூரில் துணி உற்பத்திக்கென்றே தனி வலயம் அமைக்கத் திட்டமிட்டதற்குப் பின்னாலும் இதே கேள்விதான் இருக்கிறது: துணியை எங்கே நெய்தீர்கள்?