ஹேங் ஆனதும் எண்ட் டாஸ்க் அடிக்காதீர்கள்

யாங்கோனில் கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்னுடையது. சாப்ட்வேர் ஹேங் ஆகிறது என்று போன் வந்து போய் நின்றால், நான் போவதற்குள் யாராவது எண்ட் டாஸ்க் அடித்து (அதாவது சாப்ட்வேரை வலுக்கட்டாயமாக மூடி), ரீஸ்டார்ட் பண்ணி, சில இடங்களில் மறுபடி இன்ஸ்டாலும் செய்து, பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்து வைத்திருப்பார்கள்.

மொகல் தெருப் பக்கம் ஒரு உளுந்து, பருப்பு மொத்த வியாபாரி. பில் போடும் சாப்ட்வேர் திறந்தவுடன் திரை வெளுத்து, நாட் ரெஸ்பாண்டிங் என்று நின்றுவிடுகிறது. "ஃபாண்டு பிரச்சினையா இருக்குமோ தம்பி?" என்றார் முதலாளி. 2019 அக்டோபர் 1-ல் நாடு பர்மிய எழுத்துக்கு ஜாவ்ஜி என்ற பழைய ஃபாண்டு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியதிலிருந்து எங்கள் ஊரில் எல்லாப் பழியும் ஃபாண்டு மேல்தான்! நான் ஆன்டிவைரஸைச் சந்தேகித்தேன். அதை நிறுத்திப் பார்த்தேன், டேட்டாவை என் லேப்டாப்பில் போட்டும் ஓட்டினேன், அங்கே ஜோராக ஓடியது. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த கடைப் பையன் சொன்னான்: "சயா (பர்மியத்தில் ஐயா), மேல்மாடி ஃபேன் ஓடாதப்பதான் இது நிக்குது."

கரண்ட் போனால் கீழே கடைக்கு மட்டும்தான் இன்வர்ட்டர். மாடிக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பேக்கப் எடுப்பதற்காக அந்தக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரை யாரோ எப்போதோ கடைக் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக மாட்டி வைத்திருக்கிறார்கள், சாப்ட்வேர் திறக்கும்போதெல்லாம் கடைசி பேக்கப் தேதியைப் பார்க்க அங்கே போகிறது, பதில் வராமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று காத்து நிற்கிறது. என் லேப்டாப்பில் ஏன் நிற்கவில்லை? அதில் இசட் டிரைவே கிடையாது. இல்லாத டிரைவ் என்றால் விண்டோஸ் உடனே இல்லை என்று சொல்லிவிடும், பெயர் இருந்து ஆள் இல்லாத டிரைவ்தான் காக்க வைக்கும். நெட்வொர்க் பிரிண்டர் அணைந்து கிடந்தாலும் இதே கதைதான்.

பல சாப்ட்வேர்கள் கல்லாவில் ஒரே ஆள் இருக்கும் கடை மாதிரி. அவரே சரக்கு பார்க்க கிடங்குக்குப் போய்விட்டால் வந்தவருக்குப் பதில் சொல்ல யாருமில்லை. ஐந்து விநாடி வரை ஒரு ஜன்னல் கிளிக், கீ என்று வரும் எந்தச் செய்தியையும் எடுக்கவில்லை என்றால் விண்டோஸ் அதை நாட் ரெஸ்பாண்டிங் என்று குறித்துவிடுகிறது. செத்துப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

அதனால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்யம் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் எதற்கோ காத்திருக்கிறது. நான்கு கோர் உள்ள மெஷினில் 25 சதவீதத்தில் அசையாமல் நின்றால் ஒரே இடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றுகிறது, அது எழுதியவர் பார்க்க வேண்டிய கோளாறு. டீட்டெயில்ஸ் பக்கத்தில் ரைட் கிளிக் செய்தால் அனலைஸ் வெயிட் செயின் இருக்கிறது, சில சமயம் காத்திருக்கும் இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். அங்கேயே டம்ப் ஃபைலும், அதாவது அந்த நேரத்தில் சாப்ட்வேரின் மெமரியில் இருந்ததன் நகலும், எடுக்கலாம். சாப்ட்வேர் எழுதியவருக்கு நூறு ஸ்கிரீன்ஷாட்டை விட அது உதவும், ஆனால் அதற்குள் வாடிக்கையாளர் பெயர், பாக்கித் தொகை எல்லாம் இருக்கலாம், வைபர் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 1002 என்று இருந்தால் அது ஹேங் ஆன பதிவு, நேரம் தெரிந்துகொள்ள உதவும். அதே நேரத்தில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 தென்பட்டால் டிஸ்க்கே கெட்டுக்கொண்டிருக்கலாம், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் டேட்டாவை வேறு இடத்துக்கு எடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊர், ஹார்ட் டிஸ்க்குகள் பாவம்.

எண்ட் டாஸ்க் ஏன் கடைசியில்? இதே கடையில் ஒருநாள் சேமித்துக்கொண்டிருந்தபோது யாரோ அதை அடித்து, இருப்புக் கணக்கு ஃபைல் பாதியில் அறுந்து, இரண்டு நாள் வரவு செலவைத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தானே எழுந்திருக்கும்.

பேக்கப்பைக் கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாற்றிவிட்டு, ராத்திரி கடை சாத்தும்போது மாடி மெஷினுக்கு நகல் போகும்படி வைத்தேன். அப்புறம் ஹேங் இல்லை. மாடிக்கும் இன்வர்ட்டர் லைன் இழுத்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். ஃபேனுக்கு வேண்டுமானால் இழுங்கள் ஐயா என்றேன்.