குழந்தையை மருந்து ஆய்வில் சேர்க்கக் கேட்டால்: கையெழுத்துக்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

அரசு மருத்துவமனையோ தனியாரோ, புது மருந்து ஆய்வில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மாட்டேன் என்றும் சொல்லலாம். சேர்ந்த பிறகு பாதியில் விலகலாம். இதற்காக வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கான சட்டம், 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்.

குழந்தைகளிடம் ஏன் சோதிக்க வேண்டும் என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் சோதிக்காமல் கொடுத்ததன் விளைவும் தெரிந்திருக்க வேண்டும். 1950-களில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சில, உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. பெரியவர்களின் கல்லீரல் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வலு வந்திருக்காது. எடைக்குத் தக்கபடி டோஸைக் குறைத்தால் போதும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போனது. இன்னொரு பக்கம், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்கு வந்ததற்குப் பின்னால், டெல்லி, புனே, வேலூர் பகுதிகளில் 6,799 கைக்குழந்தைகளின் பெற்றோர் கொடுத்த சம்மதம் இருக்கிறது.

சம்மதம் கொடுக்க வேண்டியது பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். பள்ளியோ விடுதியோ அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும்) தடுப்பூசி ஆய்வில், பல மாணவிகளின் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

விளக்கம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முழு விளக்கத்தின்போதும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். இதுவரை புழக்கத்தில் இல்லாத புது மூலக்கூறு மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்தால், விளக்குவதும் சம்மதிப்பதும் வீடியோவில் பதிவாக வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும். படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அதுதான்.

பிள்ளையையும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைப்படி 7 வயதுக்கு மேல் வாய்மொழி இசைவு, 12 வயதுக்கு மேல் எழுத்தில் இசைவு. அதைவிடச் சின்னக் குழந்தை வேண்டாம் என்று அடம்பிடித்தால் அதையும் மதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நோயில், ஆய்வை விட்டால் பிள்ளைக்கே கேடு என்று மருத்துவரும் பெற்றோரும் கருதினால் மட்டும் பெற்றோர் சம்மதத்தோடு தொடர விதி இடம் தருகிறது.

ஆய்வின்போது உடல்நலம் கெட்டால் மருத்துவச் செலவு உங்களுடையது அல்ல. தேவைப்படும் வரை, அல்லது பாதிப்புக்கு ஆய்வு காரணமல்ல என்று உறுதியாகும் வரை, சிகிச்சை இலவசம். மோசமான பாதிப்பு என்றால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஆய்வில் சேர்வோரின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: அடிப்படை 8 லட்சம் ரூபாய், வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்து அது கூடும், குறையும். ஆரோக்கியமாக இருந்த, 16 வயதைத் தாண்டாத பிள்ளைக்கு அது சுமார் 73.6 லட்சம் வரை போகும். எந்தத் தொகையும் பிள்ளைக்கு ஈடாகாது. ஆனாலும் உரிமையை விட்டுவிடக் கூடாது. படிவத்தில் நாமினி பெயருக்கான இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

ஆய்வு உண்மையானதா என்று பார்க்க, இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முதல் நபரைச் சேர்க்கும் முன்பே அந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும்; அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். நெறிமுறைக் குழுவை எப்படித் தொடர்புகொள்வது என்ற விவரம் படிவத்திலேயே இருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அந்தக் குழுவிடம் கேட்கலாம்.